ஜனவரிக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர்

இரண்டாயிரமாவது ஆண்டு மார்ச் மாதம் நான்காம் தேதி, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, நியூ ஜெர்சி எடிசனில் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடந்த மத்திய ஜெர்சி ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும், அவர்கள் உட்கார்ந்த இடங்களும் வருமாறு:

நீள மேசையின் தலைமாட்டில் இருந்த கைப்பிடி வைத்த நாற்காலி காலி. அது தலைவர் திரு. ஓசேக்கு உரியது. மேசையின் வலப்பக்கம் நைஜீரிய அணியின் திரு. எஸே, மடியில் கூட்டமைப்பின் விதிப் புத்தகத்துடன். அவருக்கு அடுத்து லைபீரிய அணிக்காரர், தூக்கத்தில். இடப்பக்கம் சியரா லியோன் அணியின் திரு. கமாரா, டாக்ஸி ஓட்டுபவர், வண்டியை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்ததால் முகம் மேசைக்கும் கண் கதவுக்குமாக இருந்தார். அவரை அடுத்துக் காம்பிய அணியின் பிரதிநிதி. அவருக்கும் கீழே கானா முதல் அணி, கானா இரண்டாம் அணி ஆகியவற்றின் பிரதிநிதிகள், நடுவில் ஒரு நாற்காலி இடம் விட்டு. கானாவுக்கு ஏன் இரண்டு அணி என்று கேட்கக்கூடாது; அந்த நடு நாற்காலிதான் பதில்.

சமையலறைக் கதவோரம் முக்காலியில் திருமதி ஓசே, மடியில் அலுமினியத் தாள் மூடிய பெரிய தட்டு. மாடிப்படிகளில், ஒரு படிக்கு இருவர் மூவராக, பதின்மூன்று பெண் பிள்ளைகள். எல்லோரும் முழங்காலுக்குக் கீழே தடுப்பட்டை கட்டியிருந்தார்கள். மேல்படியில் பந்தை அணைத்துக்கொண்டிருந்தவள் பிரீத்தி, வயது பதினொன்று. அவளுடைய அம்மா நாகமணி, கூட்டமைப்பின் செயலாளர், பாய்லருக்குப் பக்கத்தில் சின்ன மேசையில். சுவரோரம் நின்றுகொண்டிருந்தவர் எஃபுவா. அன்று தலைவர் பதவிக்கு நிற்கப்போகிறவர் அவர்தான். நிற்கப்போகிறவர் உட்காரவில்லை.

இதையெல்லாம் நாகமணி நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குள் சிவப்பு அட்டை நோட்டில் எழுதி முடித்துவிட்டாள். யார் வந்தார்கள் என்று மட்டும் எழுதினால் பாதிக் குறிப்புதான், எங்கே உட்கார்ந்தார்கள் என்றும் எழுதினால்தான் பிற்பாடு 'நான் அங்கே இல்லவே இல்லை' என்று யாரும் சொல்ல முடியாது. காங்கயத்தில் ஒன்பது வருஷம் பால் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவள் கற்ற பாடம் அது.

எடிசனில் பால் சங்கம் இல்லை. கணவர் குமாரசாமி காலை ரயிலில் மன்ஹாட்டனுக்குப் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புகிறவர். மனைவிக்குக் கிடைத்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய இடமில்லை. மூன்று வருஷமாக நாகமணி எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுகளும், ஊருக்கு வாரம் ஒரு கடிதமும்தான். அந்தக் கடிதங்களுக்கும் வரிசை எண் போட்டிருந்தாள்.

எஃபுவா கீழ் வீட்டுக்காரர். கானாவிலிருந்து வந்தவர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அபார்ட்மென்ட்டின் துணி உலர்த்தும் இயந்திரம் இரண்டு மாதமாகக் கெட்டுக் கிடந்தது. எஃபுவா கட்டட நிர்வாகத்துக்கு நாலு தடவை போன் பண்ணியும் கிணற்றில் போட்ட கல்லாகவே இருந்தது. நாகமணி ஒரு கடிதம் எழுதினாள். பொருள், பார்வை, பத்தி ஒன்று முதல் ஏழு வரை, இணைப்பு: ஈரத் துணிகளின் புகைப்படம் மூன்று. மூன்றாம் நாள் புது இயந்திரம் வந்தது. எஃபுவா அந்தக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"சிஸ்டர், உங்களுக்குக் கால்பந்து தெரியுமா?"

"தெரியாதுங்க."

"ரொம்ப நல்லது. எங்க கூட்டமைப்புக்குச் செயலாளர் இல்லை. நைஜீரியாக்காரரைப் போட்டா கானா ஒத்துக்காது, கானாக்காரரைப் போட்டா இன்னொரு கானா ஒத்துக்காது. நீங்க வாங்க. கால்பந்துல யாருக்கும் பகையில்லாத நாடு உங்களுது."

இந்தியா கால்பந்தில் இப்படி ஒரு புகழ் பெற்றிருப்பது நாகமணிக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் அக்ராவில் படித்த ஆங்கிலத்தையும் லாகோஸில் படித்த ஆங்கிலத்தையும் காங்கயத்தில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு கேட்டபோது, நாகமணியின் காதில் எல்லாம் காங்கயத்துத் தமிழாகவே விழுந்தது. இங்கேயும் அப்படியே தரப்படுகிறது.

செப்டம்பரில் முதல் கூட்டம். மணி நான்கு நாற்பது ஆகியும் தலைமாட்டு நாற்காலி காலி.

"தலைவர் எப்ப வருவாருங்க?" என்று நாகமணி கேட்டாள்.

"எப்பவும் ஒரு மணி நேரம் ஆகும்," என்றார் எஸே. "அவர் பெரிய மனுஷர். இன்ஷ்யூரன்ஸ் விக்கிறவர்."

"அதுவரைக்கும்?"

"உக்காந்திருப்போம்."

நாகமணிக்குக் கை அரித்தது. அவள் படித்த பள்ளிக்கூடத்தில், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நடக்கும் மாணவர் மன்றத்தில்கூட, ஒருத்தி எழுந்து 'இன்றைய கூட்டத்துக்குத் தலைமை தாங்குமாறு இன்னாரை முன்மொழிகிறேன்' என்று சொல்ல வேண்டும். இன்னொருத்தி எழுந்து 'வழிமொழிகிறேன்' என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் மேசைமேல் இருக்கும் மணியைத் தொடலாம். தலைமை இல்லாத கூட்டம் கூட்டமே இல்லை, வெறும் கும்பல். பால் சங்கத்தின் தணிக்கையாளரும் அதையேதான் சொல்வார்: 'தலைமை வகிச்சது யாருன்னு எழுதாத மினிட்ஸை நான் கையால தொடமாட்டேன் அம்மணி.'

அவள் எழுந்து நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். சர்ச்சின் சாவியை வாங்கிவந்து மூன்றரைக்கே கதவைத் திறந்து, நாற்காலிகளைப் பிரித்துப் போட்டு, தக்காளிச் சோற்றை அடுப்பில் ஏற்றியிருந்தவர் எஃபுவா ஒருவர்தான்.

"இன்றைய கூட்டத்துக்குத் தலைமை தாங்கும்படி திருமதி எஃபுவா அவர்களை முன்மொழிகிறேன்."

சிரிப்பு எழுந்தது. ஆட்டக்காரர்களின் சட்டை துவைக்கிற அம்மாவைத் தலைமை என்கிறாளே என்ற சிரிப்பு. கமாரா மட்டும் கதவைப் பார்த்தபடி, "வழிமொழியறேன். சீக்கிரம் ஆரம்பிங்க. வண்டியை இழுத்துட்டுப் போயிருவான்," என்றார்.

எஃபுவா கைகளைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பதினோரு விஷயங்கள் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தன. வார்டில் முப்பது நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பழகியவருக்கு ஆறு அணிகள் ஒரு பொருட்டா. ஐந்து பத்துக்கு ஓசே வந்தபோது எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எஃபுவா எழுந்து இடம் விட்டார். நாற்காலியை யாரோ தனக்காகச் சூடாக வைத்திருந்தார்கள் என்பதற்கு மேல் ஓசே அதில் எதையும் காணவில்லை. அவர் இளவயதில் கானா தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு வாசல்வரை போனவர். அந்த வாசலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நாகமணி எழுதினாள்: 'திரு. ஓசே 5.10க்கு வந்து 5.55 வரை பேசினார். தீர்மானம் ஏதும் இல்லை.'

இதுவே மாதாமாதம் வழக்கமாயிற்று. நாகமணி முன்மொழிவாள், கமாரா வழிமொழிவார், எஃபுவா தலைமை. அடுத்த கூட்டத்தில் முந்தைய கூட்டத்தின் குறிப்பை நாகமணி ஓசேயிடம் நீட்டுவாள். 'படித்துச் சரி கண்டேன்' என்ற வரிக்குக் கீழே ஓசே தங்க முள் பேனாவால் பெரிதாகக் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துப் போடுவதென்றால் அவருக்கு அவ்வளவு பிரியம். படிப்பதில் அந்தப் பிரியம் இல்லை.

இதற்கிடையில் பெண் பிள்ளைகளின் விஷயம். போன கோடையில் பெண்கள் உலகக் கோப்பை அமெரிக்காவில் நடந்தது. கானாப் பெண்களும் நைஜீரியப் பெண்களும் ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள் அன்றிலிருந்து வீட்டுக்குள் எதையும் உதைக்காமல் நடக்கவில்லை. எஃபுவா அவர்களைச் சேர்த்து ஓர் அணி ஆக்கினார். பிரீத்தியும் போய்ச் சேர்ந்தாள். ஆனால் ஆட இடமில்லை. கவுன்ட்டி பூங்காவின் மைதானம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை முதல் மாலை வரை ஆண்களுக்கு என்று ஓசே வருஷாவருஷம் எழுதி வாங்கிவிடுவார். பிள்ளைகள் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பின்புறம் லாரிகளுக்கு நடுவே பழகினார்கள். பந்து லாரிக்கு அடியில் போனால் ஆட்டம் நிற்கும். டிரைவர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை.

"சனிக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம், ஒம்பதுலிருந்து பதினொண்ணு. அது போதும்," என்று எஃபுவா மூன்று கூட்டங்களில் கேட்டார்.

"பொம்பளைப் பிள்ளைங்க ஆடட்டும், நானா வேண்டாங்கறேன்," என்றார் ஓசே மூன்று கூட்டங்களிலும். "எடம்தான் இல்லீங்களே."

பிப்ரவரிக் கூட்டத்தில் எஃபுவா, மார்ச்சில் தலைவர் பதவிக்குத் தானே நிற்பதாகச் சொன்னார். மைதானத்துக்கு விண்ணப்பம் மார்ச் பதினைந்துக்குள் போய்ச் சேர வேண்டும், அதில் தலைவர் கையெழுத்து வேண்டும். வேறு வழியில்லை.

ஓசே கோபப்படவில்லை. சிரித்தார். "எஸே, பதினோராவது விதியைப் படிங்க."

எஸே படித்தார். தலைவர் பதவிக்கு நிற்பவர் கூட்டமைப்பின் கூட்டங்கள் ஐந்துக்காவது தலைமை வகித்தவராக இருக்க வேண்டும். பத்து வருஷம் முன்பு அந்த விதியை எழுதியவர் ஓசே. கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் தலைவர். தலைமை வகித்தவரே தலைவராகலாம். ஆகவே தலைவரே தலைவராகலாம். பத்து வருஷமாக அவரை எதிர்த்து யாரும் நிற்காததற்கு இதுவே காரணம்.

அன்று சாயங்காலம் நாகமணி சிவப்பு நோட்டைப் பிரித்து விரல்விட்டு எண்ணினாள். செப்டம்பர், அக்டோபர், நவம்பர். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்காகக் கூட்டம் இல்லை. ஜனவரி, பிப்ரவரி. ஐந்து. மறுபடி எண்ணினாள். அப்போதும் ஐந்துதான். நோட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். துணி துவைக்கும் அறையில் எஃபுவா சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் எஃபுவா சிரித்த சிரிப்பில், புது உலர்த்தியின் மேலேயே உட்கார வேண்டியதாயிற்று.

"எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டிருக்காரா?"

"பிப்ரவரிக்கு மட்டும் இன்னும் போடலீங்க. அது ஊரறிய நடந்தது, மறுக்க முடியாது. ஆனா ஜனவரியில ஒரு சங்கடம் இருக்குதுங்க."

ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி பனி; இருட்டுமுன் வீடு திரும்ப வசதியாக அன்று மட்டும் கூட்டம் ஒன்றரை மணிக்கே. கூட்டத்துக்கு வந்தவர்கள் எஃபுவா, கமாரா, நாகமணி. மூன்று பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்பது விதி. அதுவும் ஓசே எழுதியதே. இரண்டு மணி வாக்கில் சர்ச் போனில் ஓசே கூப்பிட்டார். பின்னால் ஒரே ஆரவாரம். ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டிகள் நடந்துகொண்டிருந்த சமயம்; சாட்டிலைட் டிஷ் வைத்த ஏதோ ஓட்டலிலிருந்து பேசினார். 'நான் வந்ததா எழுதிக்கோங்க செக்ரட்டரி. வீட்ல கேட்டா முழு நேரமும் அங்கதான் இருந்தேன்னு சொல்லிருங்க,' என்றார்.

நாகமணி எழுதிக்கொண்டாள். அவர் சொன்னதை அப்படியே, நான்காவது இனமாக: 'திரு. ஓசே தொலைபேசி மூலம், தாம் வந்ததாக எழுதிக்கொள்ளும்படியும், தம் வீட்டில் கேட்டால் முழு நேரமும் இருந்ததாகச் சொல்லும்படியும் தெரிவித்தார். பின்னணியில் கோல் என்ற சத்தம் இரண்டு முறை.'

"இதுக்குமா கையெழுத்துப் போட்டாரு?"

"பிப்ரவரியில. படித்துச் சரி கண்டேன்னு."

எஃபுவா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஜனவரியை அவர் மறுத்தா இதைப் படிச்சிருங்க."

"திருமதி ஓசே இருப்பாங்களே. ஒரு குடும்பத்தைக் கலைச்ச பாவம் எனக்கு எதுக்குங்க?"

வீட்டில் குமாரசாமி சாப்பிட்டுக்கொண்டே வழி சொன்னார். "அந்த நாலாவதை மட்டும் டெலீட் பண்ணிரு நாகமணி. வேலை முடிஞ்சுது."

"ஏனுங்க, மினிட்ஸ்ல போயி அடிக்கிறதா? தணிக்கைல மாட்டுனா?"

"ஆப்பிரிக்காக்காரங்க சங்கத்துக்குக் காங்கயத்துல இருந்தா ஆடிட்டர் வரப்போறாரு?"

"வராட்டி என்னுங்க. நான் இருக்கறேன்ல."

பிரீத்தி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஜஸ்ட் ரீட் இட், அம்மா. வீ நீட் தி ஃபீல்ட்."

"நீ சாப்புடு."

ஆக, நிலைமை இது. எஃபுவா தலைவரானால் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை. ஆகாவிட்டால் அடுத்த வருஷம்வரை லாரிகள். எல்லாம் ஜனவரி என்ற ஒரு பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் நான்காம் தேதிக்கு வருவோம். நாலேகாலுக்கு நாகமணி எழுந்தாள். தேர்தலில் நிற்பவர் தேர்தல் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கக்கூடாது என்பது அவள் முறை. ஆகவே எஸேயை முன்மொழிந்தாள். கமாரா வழக்கம்போல வழிமொழிந்தார். எஸே விதிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தலைமாட்டுக்குப் போனார். அன்று ஓசே சீக்கிரமே, நாலே முக்காலுக்கே வந்துவிட்டார். தம் நாற்காலியில் நைஜீரியா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். வேறு இடம் தேடினார். இரண்டு கானாக்களுக்கும் நடுவில் இருந்த நாற்காலி மட்டும்தான் காலி. பத்து வருஷத்தில் முதல்முறையாக அதில் ஒருவர் உட்கார்ந்தார்.

"அடுத்தது, தலைவர் தேர்தல்," என்றார் எஸே.

கமாரா எழுந்தார். "எஃபுவாவை முன்மொழியறேன்."

"பதினோராவது விதி," என்றார் ஓசே, எழுந்திருக்காமலே.

"செயலாளர் பதில் சொல்லலாம்."

நாகமணி நோட்டைத் தூக்கிப் பிடித்து ஐந்து தேதிகளையும் படித்தாள். ஒவ்வொரு தேதிக்கும் பின்னால் 'தலைமை: திருமதி எஃபுவா' என்று சொன்னாள். மூன்றாவது தேதியில் ஓசேயின் சிரிப்பு நின்றது. ஐந்தாவதில் படிக்கட்டில் யாரோ கை தட்டினார்கள். பிரீத்தி கை தட்டியவளை முழங்கையால் இடித்தாள்.

ஓசே சும்மா பத்து வருஷம் தலைவராக இருந்தவரில்லை. ஒரு நிமிடம் யோசித்தார்.

"நாலு சரிங்க. நான் வர வரைக்கும் அந்தம்மா உக்காந்திருந்தாங்க, அதைத் தலைமைன்னு இந்தம்மா எழுதிக்கிட்டாங்க, போகட்டும். ஆனா ஜனவரி? பனி கொட்டுன நாளுங்க அது. ஒரு ஈ காக்கா வரலை. கூட்டமே நடக்கலை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. நாலு அஞ்சாகாது."

"மூணு பேர் வந்திருந்தோமுங்க," என்றாள் நாகமணி.

"மூணு பேர் நின்னு பனியை வேடிக்கை பார்த்தா அது கூட்டமா? அன்னிக்குக் கூட்டம் கிடையாது. யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

சமையலறைக் கதவோரம் அலுமினியத் தாள் சரசரத்தது.

"எந்த நாளுங்க அது?" என்று கேட்டார் திருமதி ஓசே. பத்து வருஷமாகக் கூட்டங்களுக்குப் பலகாரம் கொண்டுவந்தவர் அங்கே வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

"ஜனவரி இருபத்தொம்பது," என்றார் எஸே.

"என் தங்கச்சி குழந்தைக்குப் பேர் வெச்ச நாளு."

லைபீரியாகூட ஒரு கண்ணைத் திறந்தார்.

"அன்னிக்குக் கூட்டம் இருந்துச்சுங்க," என்றார் திருமதி ஓசே, தட்டை மடியில் நேராக்கிக்கொண்டு. "எங்க வீட்டுக்காரர் போயிருந்தாரே. காலைல பதினோரு மணிக்குக் கெளம்பி ஆறு மணிக்குத்தான் வந்தாரு. பேர் வைக்கறதுக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். தலைவர் இல்லாம எப்படிக் கூட்டம் நடக்கும்னு என்னையத் திருப்பிக் கேட்டாரு. பனியில நான் பஸ்ஸுல போனேன். ரெண்டு பஸ் மாறி."

ஓசேக்கு அந்தக் கீழ்த்தளம் திடீரென்று மிகவும் வெப்பமாகிவிட்டது. பாய்லர் என்னவோ நாகமணி பக்கம்தான் இருந்தது.

"ஏதோ குழப்பம்," என்றார் எஸே. "ஒருத்தர் நடக்கலைங்கறார், ஒருத்தர் நடந்துச்சுங்கறாங்க. செயலாளர் ஜனவரிக் குறிப்பை முழுசாப் படிக்கட்டும்."

நாகமணி பக்கத்தைத் திருப்பினாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "வந்திருந்தவர்கள். ஒன்று, திருமதி எஃபுவா, மேசையின் தலைமாட்டில். இரண்டு, திரு. கமாரா, கதவுக்கு நேரே. மூன்று, செயலாளர், பாய்லர் அருகில். நான்கு..."

நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைக்கும் சாக்கில் ஓசேயைப் பார்த்தாள். அவருக்கு அந்தத் தொலைபேசிப் பேச்சு ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் பார்வை நோட்டுக்கும் சமையலறைக் கதவுக்குமாகப் போய் வந்தது.

நாகமணி எஸேயைப் பார்த்துச் சொன்னாள்: "தலைவர் அவர்களே, ஒரு முறை இருக்குதுங்க. இந்தப் பக்கத்துக்குக் கீழே திரு. ஓசே படித்துச் சரி கண்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கறாரு. அவர் இதை இப்பவும் ஒத்துக்கிட்டார்னா மேக்கொண்டு படிக்க வேண்டியதில்லை. மறுத்தார்னா கடைசி எழுத்து வரைக்கும் படிச்சே ஆகோணும். எந்த எழுத்தையும் விட எனக்கு அதிகாரம் இல்லீங்க."

"கூட்டம் நடந்துச்சுங்க," என்றார் ஓசே.

"தலைமை?"

"எஃபுவாதான். நல்லாவே நடத்துனாங்க."

"நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார் திருமதி ஓசே.

ஓசே மேசையைப் பார்த்தார். "அஞ்சு கூட்டம் ஆச்சுல்ல, மேல போங்க," என்றார் எஸேயிடம்.

"அப்ப எஃபுவா நிக்கலாம்," என்றார் எஸே. "கமாரா முன்மொழிஞ்சாச்சு. வழிமொழியறது யாரு?"

காம்பியா கானாவைப் பார்த்தது. இரண்டு கானாவும் நடுவில் பார்த்தன. நாகமணியின் விரல் இன்னும் 'நான்கு' என்ற எண்ணின்மேல் இருந்தது. அவள் வேண்டுமென்று வைத்திருக்கவில்லை. எடுக்க மறந்துவிட்டாள்.

"நான் வழிமொழியறேன்," என்றார் ஓசே.

தலைவரே வழிமொழிந்த பிறகு எதிர்த்து நிற்க ஆளில்லை. திருமதி எஃபுவா போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். மணி ஐந்து இரண்டு. படிக்கட்டிலிருந்து பந்து ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கி மேசைக்கு அடியில் போயிற்று. சத்தத்தில் முழுசாக விழித்த லைபீரியா, "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார். சொன்னார்கள். "அவங்கதானே எப்பவும் தலைவர்?" என்றார்.

எஃபுவா தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பிடிகளை இரண்டு கையாலும் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, "சோறு ஆறுது," என்றார்.

எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, திருமதி ஓசே பாய்லர் பக்கம் வந்தார்.

"நாலாவதா என்ன எழுதியிருக்குதுங்க?"

"குறிப்பு உறுப்பினர்களுக்கு மட்டுமுங்க," என்றாள் நாகமணி. பொய் சொல்லாமல் தப்பிக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி விதிதான்.

திருமதி ஓசே அவள் தோளைத் தட்டினார். "எனக்குத் தெரியும் அம்மணி. அன்னிக்கு அவரு கோட்டுல வறுத்த மீன் வாசம் மூணு நாள் போகலை. சர்ச்சுல யாரு மீன் வறுத்தாங்க? எப்பவாச்சும் உதவும்னு வெச்சிருந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைங்க டீம்ல பதினாலு பேர் வேணுமாமே. பதிமூணுதான் இருக்குதாம்."

"கோல்கீப்பர் இல்லீங்க. எங்க பிரீத்திதான் நிக்கறா. பந்து வந்தா ஒதுங்கிக்கறா."

"எம் பொண்ணு பேரை எழுதிக்கோங்க. அதுக்குப் பன்னெண்டு வயசு. எங்க வீட்ல அதுக்குத் தெரியாம ஒரு பிஸ்கட் வாசலைத் தாண்டாது."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நாகமணி கடிதம் எழுதினாள். கவுன்ட்டி பூங்காத் துறைக்கு. பொருள்: சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை பெண்கள் அணிக்கு மைதானம் ஒதுக்கக் கோருதல். பார்வை: தங்கள் துறையின் அறிவிப்பு. பத்திகள் ஒன்று முதல் ஒன்பது. இணைப்பு ஒன்று: ஆண்டுப் பொதுக்கூட்டத் தீர்மானத்தின் நகல். இணைப்பு இரண்டு: வீராங்கனைகள் பதினான்கு பேரின் பெயர்ப் பட்டியல்.

"இந்த ஊர்ல யாரும் பார்வை எல்லாம் போடறதில்லை," என்றார் குமாரசாமி. "ரெண்டு லைன் ஈமெயில் அடிச்சா முடிஞ்சுது."

"டிரையருக்கும் இதையேதான் சொன்னீங்க."

அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

பிரீத்தி பட்டியலை எட்டிப் பார்த்தாள். பதினான்காம் பெயருக்கு எதிரே கோல்கீப்பர் என்று இருந்தது. தன் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. "ஸோ வாட் ஆம் ஐ?"

"என்னவா இருக்கோணும்?"

பிரீத்தி யோசித்தாள். "ஸ்ட்ரைக்கர்."

நாகமணி அழகாக எழுதினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய எஃபுவா வெள்ளைச் சட்டையோடு மாடி ஏறி வந்தார். கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். இணைப்புகளையும் படித்தார். நாகமணி பக்கத்தில் நின்று கொஞ்சம் பொறுமையிழந்தாள். ஆனால் உள்ளுக்குள் இதமாக இருந்தது. பிறகு எஃபுவா, 'தலைவர்' என்று அச்சடித்தாற்போல எழுதியிருந்த இடத்துக்கு மேலே, சின்னதாக, நர்ஸுகள் மருந்துச் சீட்டில் போடுவதுபோல ஒரு கையெழுத்துப் போட்டார்.

"கீழே உங்க பேர் எங்கே?"

"செயலாளர்னு இருக்குதுங்களே."

"பேரும் எழுதுங்க. நாளைக்கு யாராச்சும் யாரு எழுதுனதுன்னு கேட்டா?"

நாகமணி எழுதினாள். அமெரிக்காவுக்கு வந்த பிறகு ஓர் அலுவலகத்துக்குப் போகும் காகிதத்தில், இன்னாரின் மனைவி என்று இல்லாமல், அவள் பெயர் வந்தது இதுதான் முதல் தடவை. வீட்டுக் கோப்புக்கு எடுத்த நகலிலும் அப்படியே எழுதினாள்.

உறையின் பசையை அவள் நம்பவில்லை. சமையலறையிலிருந்து நாலு சோற்றுப் பருக்கை கொண்டுவந்து மடிப்பில் தேய்த்து, உள்ளங்கையால் அழுத்தினாள். அதன்மேல் ஓசே வீட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். எஃபுவா ரயிலுக்கு நேரமாவதைச் சொல்லாமல் அது காயும்வரை நின்றார். இரண்டு தபால்தலை போதும், மூன்று ஒட்டினாள்.

இருவரும் தெருமுனை வரைக்கும் நடந்தார்கள். நாகமணி நீலத் தபால் பெட்டியின் வாயை இழுத்துக் கடிதத்தைப் போட்டாள். மூடினாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள். காலி.

"விழுந்துருச்சா?" என்றார் எஃபுவா.

"விழுந்துருச்சுங்க. மணி எட்டு பன்னெண்டு," என்றாள் நாகமணி.